கிராலர் திரும்ப மறுக்கிறதா? புது சர்வோ வாங்குமுன் இதைப் பாருங்கள்

கிராலரின், அதாவது பாறைகளில் மெதுவாக ஊரும் ரிமோட் வண்டியின், முன்சக்கரம் இரண்டு கல்லுக்கு நடுவில் போய் உட்கார்ந்துவிட்டது. ரிமோட்டை முழுவதும் இடது பக்கம் திருப்புகிறீர்கள், வண்டிக்குள்ளிருந்து ம்ம்ம் என்று ஒரு முனகல் வருகிறதே தவிர சக்கரம் அசையவில்லை. உடனே எல்லோரும் செய்வது ஒன்றுதான், கைபேசியை எடுத்து 35 கிலோ, 40 கிலோ, 60 கிலோ என்று சர்வோ (சக்கரத்தைத் திருப்பும் மோட்டார்ப் பெட்டி) தேடுவது. நானும் அப்படித்தான் முதல் வருடத்தில் மூன்று சர்வோ வாங்கினேன், அதில் இரண்டு தேவையே இல்லாதவை. ஒரு தடவை குறை ஹார்னில் (சர்வோவின் தண்டில் மாட்டும் கை) இருந்தது, இன்னொரு தடவை மின்சாரத்தில்.

இது 1/10 அளவு கிராலர்களுக்கானது, அதாவது ட்ராக்சஸ் டிஆர்எக்ஸ்-4, ஆக்சியல் எஸ்சிஎக்ஸ்10 வகை வண்டிகளுக்கு. உங்கள் வண்டியின் அறிகுறி எதுவோ அதற்கு நேராகப் போய்விடலாம், ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள், பலருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும்.

தூக்கிப் பிடித்தால் திரும்புகிறது, தரையில் வைத்தால் திரும்பவில்லை

இதுதான் அதிகம் வரும் புகார். சர்வோவுக்கு பலம் போதவில்லை என்று முடிவு கட்டுமுன் ஒரு சோதனை. வண்டியை சொரசொரப்பான தரையில் நிறுத்திவிட்டு, ரிமோட்டை வேறொருவர் கையில் கொடுத்து இடமும் வலமும் மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் குனிந்து பாருங்கள். சக்கரத்தைப் பார்க்க வேண்டாம், அது திரும்பாது என்று தெரியும். மற்றபடி எது எது அசைகிறது என்று பாருங்கள்.

சர்வோவின் தண்டு சுழல்கிறது, அதன் மேல் உள்ள ஹார்ன் வளைகிறது அல்லது பின்தங்குகிறது என்றால் அது சர்வோ சேவர். பற்களைக் காப்பாற்றுவதற்காக உள்ளே ஸ்பிரிங் வைத்த பிளாஸ்டிக் ஹார்ன், கட்டி விற்கும் பல வண்டிகளில் இதுதான் வரும். வேகமாக ஓடி சுவரில் மோதும் வண்டிக்கு அது நல்லது. நடை வேகத்தில் ஊரும் கிராலரில் சர்வோ தரும் பலத்தை அந்த ஸ்பிரிங்கே தின்றுவிடும். அலுமினிய கிளாம்ப் ஹார்ன் ஒன்று வாங்கிப் போடுங்கள், செலவு சர்வோவின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

ஹார்ன் அசையவில்லை, ஆனால் சர்வோவின் உடம்பே முன்னும் பின்னும் சாய்கிறது என்றால் சர்வோ மவுண்ட் வளைகிறது. திருகுகளை இறுக்குங்கள், அப்படியும் வளைந்தால் மவுண்டை உலோகத்தில் மாற்ற வேண்டும்.

மூன்றாவது ஒன்று உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. சர்வோ சேஸில் உட்கார்ந்து, பான்ஹார்ட் கம்பி ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் வண்டிகளில், சக்கரம் திரும்புவதற்குப் பதிலாக முழு சேஸும் ஒரு பக்கம் நகரும். பார்த்தால் வண்டி இடுப்பை ஆட்டுவது போல இருக்கும். பான்ஹார்ட்டின் இரு முனைகளிலும் உள்ள பந்து இணைப்பில் ஆட்டம் விழுந்திருக்கும், அல்லது கம்பியே மெல்லியதாக இருக்கும். இந்த நிலையில் 60 கிலோ சர்வோ போட்டால் இடுப்பு இன்னும் வேகமாக ஆடும், அவ்வளவுதான்.

இவை எதுவும் அசையவில்லை, சர்வோவின் தண்டே நடுவழியில் நின்று முனகுகிறது என்றால்தான் பலம் போதவில்லை என்று பொருள். அதிலும் சர்வோவுக்கே பலம் இல்லையா, இல்லை அதற்குப் போகும் வோல்ட் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரில் காலியாக இருக்கும் ஒரு சேனலில் மல்டிமீட்டரை வைத்து, ஸ்டீயரிங்கைத் திருப்பி சர்வோவை ஒரு நொடி திணற விடுங்கள். 6 வோல்ட் காட்டியது 5.8க்கு இறங்கினால் கவலை இல்லை. 5க்குக் கீழே போனால் சர்வோவைக் குறை சொல்ல வேண்டாம், கீழே வண்டியே ஒரு கணம் செத்துப்போகிறது என்ற பகுதிக்குப் போங்கள். மல்டிமீட்டர் கொஞ்சம் மந்தமானது, மிகக் குறுகிய நேரச் சரிவுகளை அது காட்டாது. குறைந்தபட்ச அளவைப் பிடித்து வைக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள்.

ஹார்னின் நீளத்தையும் ஒரு முறை அளந்துவிடுங்கள். 25 கிலோ-செ.மீ. சர்வோ என்றால் தண்டின் மையத்திலிருந்து 1 செ.மீ. தூரத்தில் 25 கிலோ விசை. ஹார்னிலிருந்து சக்கரத்தைத் தள்ளும் கம்பியான லிங்க்கை 2.5 செ.மீ. துளையில் மாட்டியிருந்தால் கிடைப்பது 10 கிலோ, 2 செ.மீ. துளைக்கு நகர்த்தினால் அதே சர்வோ 12.5 கிலோ தரும். ஒரு ரூபாய் செலவில்லாமல் கால்பங்கு பலம் கூடுகிறது. பதிலுக்கு லிங்க் நகரும் தூரம் குறையும், ஆகவே சக்கரம் இரு பக்கமும் முழுசாகத் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டு நகர்த்துங்கள்.

சரி, சர்வோதான் பலவீனம். எதை வாங்குவது?

முதலில் பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். 35 கிலோ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், அது 8.4 வோல்ட்டுக்கான எண்ணாக இருக்கும். வண்டியோடு வரும் இஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) பெரும்பாலும் 6 வோல்ட்தான் தரும். தகவல் தாளில் 6 வோல்ட்டுக்கு நேராக என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள், அந்த வரியே இல்லை என்றால் வேறு சர்வோ பாருங்கள். இரண்டாவது விஷயம், அந்த எண் சர்வோ திணறி நிற்கும்போது உள்ள விசை. அந்த நிலையில் சில நொடிகளுக்கு மேல் வைத்தால் மோட்டார் வெந்துவிடும். ஆகவே நமக்கு வேண்டியதைப் போல் இரண்டு மடங்காவது இருக்கிற சர்வோதான் நிம்மதியாக வேலை செய்யும்.

என் கணக்கு இது. 1.9 அங்குல சக்கரம், பெரிதாக எடை ஏற்றாத வண்டி என்றால் 6 வோல்ட்டில் உண்மையான 20 கிலோ போதும். முன் ஆக்ஸிலில் பித்தளை எடை, 2.2 அங்குல சக்கரம், முன் டிஃபரென்ஷியல் எப்போதும் பூட்டியே இருக்கும் வண்டி என்றால் 30க்கு மேலே போங்கள். பூட்டிய டிஃபரென்ஷியலில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரமும் வெளிப்பக்கச் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் ஒன்று தேய்த்துக்கொண்டே வரும், சர்வோ அதையும் சேர்த்துத் தள்ள வேண்டும். டிஆர்எக்ஸ்-4 மாதிரி ரிமோட்டிலிருந்தே பூட்டைத் திறக்க முடியும் என்றால், திறந்தும் பூட்டியும் திருப்பிப் பாருங்கள், வித்தியாசம் கையிலேயே தெரியும்.

வேகத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம். 60 டிகிரி திரும்ப 0.07 விநாடி எடுக்கும் சர்வோ பந்தயக் காருக்கு. கிராலருக்கு 0.15, 0.20 எல்லாம் தாராளம். அந்தக் காசை உலோகப் பற்களிலும் மோட்டாரிலும் போடுங்கள். பிரஷ்லெஸ் மோட்டார் உள்ளது விலை அதிகம், ஆனால் நீண்ட நேரம் திணறினாலும் தாங்கும், தேய பிரஷ் இல்லை. வாரம் ஒரு முறை ஓட்டுபவருக்கு கோர்லெஸ் போதும்.

சென்னை ரிச்சி தெருவிலும் ரோபோ பாகம் விற்கும் கடைகளிலும் எளிதாகக் கிடைப்பது எம்ஜி996ஆர். அதன் தகவல் தாளிலேயே 6 வோல்ட்டில் 11 கிலோ-செ.மீ. என்றுதான் இருக்கிறது. ரோபோ கைக்கும் கல்லூரி புராஜெக்ட்டுக்கும் ஏற்ற நல்ல சர்வோ, 1/10 கிராலருக்கு அது மேம்பாடு கிடையாது. டிஎஸ்3218, டிஎஸ்3225 வகைகள் மலிவு விலையில் ஓரளவு தேறும், ஆனால் அவற்றில் ஒரு பொறி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

வாங்கிய சர்வோ சொன்னபடி இழுக்கிறதா என்று பார்க்க, பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு போதும். சர்வோவை மேசையில் இறுக்கிப் பிடித்து, ஹார்னில் 2 செ.மீ. துளையில் கொக்கியை மாட்டி, ஹார்னுக்கு நேர்குத்தாகத் தராசைப் பிடித்துக்கொண்டு திருப்புங்கள். தராசு காட்டும் எண்ணை இரண்டால் பெருக்கினால் கிலோ-செ.மீ. ஒரு நொடியில் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள், பிடித்தே வைத்தால் புது சர்வோ அங்கேயே போய்விடும்.

ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டியே ஒரு கணம் செத்துப்போகிறது

சர்வோ புதிதாக மாற்றிய பிறகு வரும் வியாதி இது. கல்லில் முட்டி சர்வோ திணறும்போது ரிசீவரின் விளக்கு அணைந்து மறுபடி எரியும், மோட்டார் நின்றுவிடும், ஒரு விநாடி கழித்து எல்லாம் உயிர்பெறும். இஎஸ்சிக்குள் இருக்கும் பிஇசி, அதாவது ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் கொடுக்கும் பகுதி, தர முடிந்ததைவிட அதிக ஆம்பியரை சர்வோ கேட்கிறது, வோல்ட் சரிகிறது, ரிசீவர் மயங்கி விழுகிறது. சாதாரண எம்ஜி996ஆரே திணறும்போது 6 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் எடுக்கும் என்றால், பெரிய சர்வோவின் பசி எவ்வளவு இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கும்போதே ஸ்டால் கரண்ட் (திணறி நிற்கும்போது எடுக்கும் ஆம்பியர்) எவ்வளவு என்று பார்த்து, உங்கள் இஎஸ்சியின் பிஇசி அளவோடு ஒப்பிட வேண்டும்.

ரிசீவரில் ஒரு கெப்பாசிட்டர் சொருகினால் சரியாகிவிடும் என்பார்கள். நொடியில் சிறு பங்கு நேரம் வரும் சரிவை அது நிரப்பும். கிராலரில் சர்வோ இரண்டு மூன்று விநாடி திணறும், அதற்குள் கெப்பாசிட்டர் காலி. சரியான தீர்வு தனி பிஇசி.

இங்கேதான் நான் காசைக் கரியாக்கினேன். தனி பிஇசி வாங்கி, 7.4 வோல்ட்டுக்கு வைத்து, அதை ரிசீவரின் காலி சேனலில் சொருகி, இஎஸ்சியின் சிவப்பு ஒயரைக் கழற்றிவிட்டேன். ஸ்டீயரிங் அபாரம். பத்து நிமிடத்தில் டிஃபரென்ஷியல் பூட்டும் குட்டி சர்வோ இரண்டும் சூடாகி நின்றுவிட்டன. ரிசீவரின் எல்லாச் சேனல்களுக்கும் மின்சாரம் ஒன்றாகவே போகிறது, பெரிய சர்வோவுக்குக் கொடுத்த 7.4 அந்தக் குட்டிகளுக்கும் போயிற்று, அவை 6 வோல்ட் ஆசாமிகள். பூட்டு, இரண்டு கியர், வின்ச் என்று கூடுதல் சர்வோ உள்ள எந்த வண்டியிலும் இது நடக்கும்.

ஆகவே பிஇசியின் சிவப்பும் கறுப்பும் ஸ்டீயரிங் சர்வோவுக்கு மட்டும் நேராகப் போகட்டும். சர்வோவிலிருந்து ரிசீவருக்கு சிக்னல் ஒயரும் கறுப்பு ஒயரும் மட்டும் போக வேண்டும், சிவப்பு போகக் கூடாது. கறுப்பை விட்டுவிட்டால் சிக்னலுக்குத் துணை இல்லாமல் சர்வோ பேய் பிடித்த மாதிரி ஆடும். இந்த முறையில் இஎஸ்சியின் சிவப்பு ஒயரைத் தொடவே வேண்டாம், ரிசீவரும் குட்டி சர்வோக்களும் பழையபடி 6 வோல்ட்டில் இருக்கும்.

பிஇசி போட்டும் பலம் கூடவில்லை என்றால் அதன் வோல்ட்டை அளந்து பாருங்கள். காசில் நிறுவனத்தின் பிரபலமான 10 ஆம்பியர் பிஇசி பெட்டியிலிருந்து வரும்போது 5.1 வோல்ட்டில் இருக்கும், கணினியில் இணைத்து நாம்தான் ஏற்ற வேண்டும். அதை அப்படியே மாட்டினால் 6 வோல்ட்டில் இருந்ததைவிட சர்வோ பலவீனமாகத்தான் ஓடும்.

பிஇசி தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கும் சர்வோக்கள் இருக்கின்றன, ஹோம்ஸ் ஹாபீஸ், ரீஃப்ஸ் போன்றவர்கள் விற்கிறார்கள். தரம் நன்றாகவே இருக்கும், விலையும் அப்படியே. இரண்டு எச்சரிக்கை. 3எஸ் லைப்போ (மூன்று செல் லித்தியம் பேட்டரி) முழுச் சார்ஜில் 12.6 வோல்ட், சர்வோ அதைத் தாங்கும் என்று எழுதியிருக்க வேண்டும். எச்வி (அதிக வோல்ட்) என்று மட்டும் போட்டிருந்தால் அது 8.4 வரைதான், 3எஸ்ஸில் நேராகக் கொடுத்தால் புகைதான். இரண்டாவது, இஎஸ்சி சுவிட்சை அணைத்தாலும் இந்த சர்வோவுக்கு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டி முடித்ததும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் மறுநாள் லைப்போ உறிஞ்சப்பட்டுக் கிடக்கும்.

கொஞ்சம் திருப்பினாலே கோடிக்குப் போய் முட்டுகிறது

மேலே சொன்ன பொறி இதுதான். டிஎஸ்3218 வகை சர்வோக்கள் 180 டிகிரி, 270 டிகிரி என்று இரண்டு விதமாக விற்கப்படுகின்றன, வெளித்தோற்றம் ஒன்று. அந்த டிகிரி கணக்கு 500 முதல் 2500 மைக்ரோவிநாடி சிக்னலுக்கு, நம் ரிமோட் அனுப்புவதோ கிட்டத்தட்ட 1000 முதல் 2000 வரை. அதனால் 180 வகை நம் கையில் 90 டிகிரி திரும்பும், மையத்திலிருந்து பக்கத்துக்கு 45, ஸ்டீயரிங்குக்கு அது பொருத்தம். 270 வகை 135 திரும்பும், மெல்லத் தொட்டாலே எகிறும். ரிமோட்டில் பயண அளவைக் குறைத்துச் சமாளிக்கலாம், ஆனால் நுணுக்கம் போய்விடும். 360 என்று போட்டதை வாங்கிவிட்டால் சமாளிக்கவே முடியாது, அது நிற்காமல் சுற்றும்.

முழுவதும் திருப்பினால் ரீங்காரம், சர்வோ தொட முடியாத சூடு

சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் மூட்டான நக்கிள் ஆக்ஸிலில் முட்டி நின்றுவிட்டது, சர்வோ இன்னும் போகச் சொல்லித் தள்ளிக்கொண்டிருக்கிறது. புது சர்வோ எரிந்துபோகும் காரணங்களில் இதற்கு முதலிடம் கொடுப்பேன். ரிமோட்டில் எண்ட் பாயிண்ட் (திரும்பும் தூரத்துக்கு எல்லை வைக்கும்) வசதி இருந்தால் சக்கரம் முட்டும் இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் நிற்கும்படி இடம், வலம் தனித்தனியாகக் குறையுங்கள். டூயல் ரேட் குமிழ் மட்டும் இருந்தால் அது இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் குறைக்கும், முதலில் முட்டும் பக்கத்துக்கு ஏற்ப வையுங்கள்.

நடுவில் நிற்கும்போது மெல்லிய இரைச்சல் மட்டும் என்றால் டிஜிட்டல் சர்வோவின் இயல்பு, விட்டுவிடுங்கள்.

ஒரு பக்கம் நன்றாகத் திரும்புகிறது, மறுபக்கம் குறைவு

சர்வோ நடுவில் இருக்கும்போது ஹார்னும் லிங்க்கும் செங்கோணத்தில் இல்லை. ஹார்னைக் கழற்றி, ரிமோட்டை ஆன் செய்து, நடு நிலையைச் சரிசெய்யும் டிரிம்மையும் சப்-டிரிம்மையும் பூஜ்யத்தில் வைத்து, பிறகு மாட்டுங்கள். தண்டில் 25 பல் என்றால் ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் இடையே 14.4 டிகிரி, ஆகவே அதிகபட்சம் 7.2 டிகிரிதான் பிசகும், அதை சப்-டிரிம் பார்த்துக்கொள்ளும். அப்புறமும் சக்கரம் கோணலாக நின்றால் லிங்க்கின் நீளத்தை மாற்றுங்கள், டிரிம்மில் இழுத்துப் பிடிக்காதீர்கள்.

பல் எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. ஃபுடாபா வழி வந்தவை 25, சான்வா, கேஓ, ஜேஆர் 23, பழைய ஹைடெக் 24. தவறான ஹார்னும் கொஞ்சம் அழுத்தினால் உள்ளே போய்விடும், இறுக்கினால் பிடிக்கவும் செய்யும், இரண்டாவது பாறையில் வழித்துக்கொண்டு சுற்றும்.

திருப்பி விட்டால் நடுவுக்கு வருவதில்லை

லிங்க்கைக் கழற்றிவிட்டுத் திருப்பிப் பாருங்கள். ஹார்ன் ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்கு வருகிறது என்றால் சர்வோ நல்ல சர்வோ, குறை கீழே இருக்கிறது. நக்கிளின் புஷ்ஷில் மண் ஏறியிருக்கும், பந்து முனைகள் இறுகியிருக்கும் அல்லது தேய்ந்திருக்கும். கையால் சக்கரத்தைத் திருப்பினால் வெண்ணெய் மாதிரி போக வேண்டும்.

லிங்க் இல்லாமலும் இடம் தவறினால், ஹார்ன் திருகு தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், நீல நிற த்ரெட்லாக் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு இறுக்குங்கள். அதுவும் சரி என்றால் உள்ளே தண்டு எங்கே நிற்கிறது என்று அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்துவிட்டது. மாற்ற வேண்டியதுதான்.

கல்லில் ஏறி சஸ்பென்ஷன் அமுங்கும்போது சக்கரம் தானாகத் திரும்புகிறது

சர்வோவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பான்ஹார்ட் கம்பியும் ஸ்டீயரிங் லிங்க்கும் ஒரே நீளத்திலும் இணையாகவும் இருந்தால் ஆக்ஸில் ஏறி இறங்கும்போது இரண்டும் ஒரே வளைவில் போகும். ஒன்று சாய்வாக, ஒன்று குட்டையாக இருந்தால் லிங்க் சக்கரத்தை இழுக்கும். உயரமான சர்வோ மாற்றிய பிறகு இது தொடங்கியிருந்தால், ஹார்ன் மேலே போனதால் லிங்க்கின் சாய்வு மாறியிருக்கும், ஹார்னின் அடியிலோ மேலேயோ வாஷர் வைத்துப் பழைய உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஸ்டாண்டர்ட் சைஸ் என்று எழுதியிருந்தாலும் நீள அகலம் 40க்கு 20 மி.மீ. என்பதில்தான் பெரும்பாலும் ஒற்றுமை, உயரம் ஆளுக்கு ஆள் மாறும். வாங்குமுன் படத்தில் உள்ள அளவைப் பாருங்கள்.

நறநற என்ற சத்தம், ஓர் இடத்தில் மட்டும் நழுவுகிறது

பல் போய்விட்டது. மின்சாரம் இல்லாமல் ஹார்னை விரலால் மெல்லத் திருப்பினால் எந்த இடத்தில் பிடிமானம் இல்லை என்று தெரியும். சில சர்வோக்களுக்குப் பற்கள் மட்டும் தனியாகக் கிடைக்கும், முழு சர்வோவைத் தூக்கிப் போடுமுன் தேடிப் பாருங்கள். கழற்றும்போது எந்தப் பல் எங்கே என்று ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், நான் எடுக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்தேன்.

தண்ணீரில் இறங்கிய மறுநாள் சர்வோ துடிக்கிறது

வாட்டர்ப்ரூஃப் என்பது பெரும்பாலும் மூடியிலும் தண்டிலும் உள்ள ரப்பர் வளையங்கள்தான். தண்டில் உள்ள வளையம் மண்ணில் தேய்ந்துகொண்டே வரும், முதல் வருடம் தாங்கிய சர்வோ இரண்டாம் வருடம் தாங்காது. நான்கு திருகைக் கழற்றித் திறந்து, உள்ளே ஈரம் இருந்தால் விசிறிக் காற்றில் ஒரு நாள் காய விட்டு, பற்களில் புது கிரீஸ் வைத்து, தண்டைச் சுற்றியும் கொஞ்சம் தடவி மூடுங்கள். சர்க்யூட் பலகையில் பச்சைப் பூசணம் போல ஏறியிருந்தால் அதற்குமேல் அதை ஸ்டீயரிங்குக்கு நம்ப வேண்டாம். துடிப்பது நின்றுவிட்டால் வின்ச்சுக்கோ, பின்பக்கக் கதவு திறக்கும் பொம்மை வேலைக்கோ ஒதுக்கிவிடலாம், என் பழைய சர்வோ ஒன்று இப்போது ஜீப்பின் பானெட்டைத் தூக்கிக்கொண்டிருக்கிறது.